தனியார் பணம் வந்தால் குடிநீர்ப் பிரச்சினை தீருமா?

கேள்வியின் சுருக்கம் இது: நகரத்தின் குடிநீர்க் குழாய்கள் பழசாகிவிட்டன. மாற்றுவதற்குப் பொது நிர்வாகத்திடம் பணமில்லை. தனியார் முதலீட்டை வரவழைத்தால் மக்கள் தலையில் சுமை ஏறாமலே வேலை முடிந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. தனியார் பணம் எந்த வடிவில் வந்தாலும் தண்ணீர் நம் கையைவிட்டுப் போய்விடும் என்கிறது இன்னொரு தரப்பு. இதில் எதை நம்புவது? ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு திரும்ப முடியுமா?

முதல் தரப்பு சொல்வதில் "சுமை ஏறாமலே" என்ற சொல்லை மட்டும் உடனே எடுத்துவிடலாம். பணம் புரட்டுவது வேறு, செலவை ஏற்பது வேறு. வீடு கட்ட வங்கியில் கடன் வாங்குகிறவர் வங்கி தனக்கு வீடு கட்டித் தந்துவிட்டது என்று நினைப்பதில்லை. மாதத் தவணை தன் சம்பளத்திலிருந்துதான் போகும் என்று அவருக்குத் தெரியும். குடிநீர் விஷயத்தில் மட்டும் இந்தத் தெளிவு எப்படியோ காணாமல் போய்விடுகிறது. தண்ணீருக்கு ஆகும் செலவை உலகில் எங்குமே மூன்று பேர்தான் கடைசியில் கொடுக்கிறார்கள்: கட்டணம் கட்டும் நுகர்வோர், வரி கட்டும் குடிமக்கள், மானியம் தரும் வெளியார். நான்காவது ஆள் கிடையாது. தனியார் முதலீட்டாளர் இன்று கொடுத்து நாளை திரும்ப வாங்குகிறவர். ஆகவே அவர் பணம் தருவாரா என்பதைவிட, என்ன விலைக்குத் தருகிறார், நஷ்டம் வந்தால் யார் தாங்குவது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பவைதான் பெரிய கேள்விகள்.

இப்படிச் சொல்வதால் கடன் வாங்குவதே தப்பு என்று ஆகாது. நல்ல குழாய் ஒன்று ஐம்பது ஆண்டுகள், சில சமயம் நூறு ஆண்டுகள்கூட மண்ணுக்கடியில் உழைக்கும். அதன் முழு விலையையும் இந்த வருடத்து மக்களிடமே வசூலிப்பது நியாயமில்லை. முப்பது வருடம் கழித்து அதே குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்களும் தங்கள் பங்கைக் கொடுக்கட்டும் என்றால், அதற்குக் கடன்தான் வழி. பொதுத்துறைக் குடிநீர் அமைப்புகள் தனியாரின் சேமிப்பிலிருந்து கடன் வாங்குவதும் புதிய விஷயமில்லை. அமெரிக்க நகரங்கள் பல தலைமுறைகளாகக் கடன் பத்திரம் விற்றுத்தான் குழாய் பதித்துவருகின்றன. நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் சேர்ந்து 1954-இல் தங்களுக்கென்றே ஒரு வங்கியைத் தொடங்கின. அது சந்தையில் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி வாரியங்களுக்குக் கொடுக்கிறது. அங்கே பணம் பெரும்பாலும் தனியாருடையது. தண்ணீரும் குழாயும் நிர்வாகமும் பொது.

அதனால் "தனியார் பணம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சரக்குகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடன். வட்டியும் அசலும் வந்தால் போதும், அதற்கு மேல் கடன் கொடுத்தவர் எதுவும் கேட்பதில்லை. மற்றது பங்கு மூலதனம். அதைப் போடுகிறவர் லாபம் கேட்பார், அதோடு நிர்வாகத்தில் இடமும் கேட்பார். நான் படித்துப் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது சரக்கைப் பற்றியவை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் வாதம் நடக்கிறது.

சரி, விலைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. குழாய் மாற்ற 100 கோடி தேவை, முப்பது ஆண்டுகளில் ஒரே அளவுத் தவணையில் அடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 5 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 6.5 கோடி. 10 சதவீதம் என்றால் சுமார் 10.6 கோடி. முப்பது ஆண்டில் கட்டி முடிக்கும் மொத்தம் முதல் கணக்கில் 195 கோடி, இரண்டாவதில் 318 கோடி. குழாய் அதேதான், தண்ணீரும் அதேதான். மற்ற துறைகளிலும் வட்டி முக்கியம்தான். ஆனால் குடிநீரில் செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே மண்ணுக்குள் போய்விடுவதால், பணத்தின் விலைதான் ஏறக்குறைய தண்ணீரின் விலையையே தீர்மானிக்கிறது. அரசின் பெயரில் வாங்கும் கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு. தனியார் பங்கு மூலதனம் எதிர்பார்க்கும் வருமானம் அதைவிட எப்போதும் கூடுதல், ஏனென்றால் அங்கே நஷ்ட அபாயமும் கூடுதல்.

தனியார் பங்கேற்பை ஆதரிப்பவர்களின் வலுவான வாதமும் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ள கணக்கில் இரண்டு தவணைகளுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 4.1 கோடி. தனியார் நிர்வாகம் கசிவை அடைத்து, மீட்டரை ஒழுங்காக ஓடவிட்டு, பில்லை வசூலித்து, அதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தினால் வட்டி வித்தியாசம் ஈடாகிவிடும். இது நடக்காத காரியம் இல்லை. மோசமாக நடக்கும் அமைப்புகளில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் கசிந்தோ, திருடப்பட்டோ, கணக்கில் வராமலோ போகிறது. அவ்வளவு ஓட்டை இருக்கும் இடத்தில் திறமையான ஆள் வந்தால் லாபம் கொட்டத்தான் செய்யும்.

மணிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஆகஸ்டில் அந்த நகரத்தின் குடிநீரை இரண்டாகப் பிரித்து, கிழக்கை ஒரு தனியார் நிறுவனத்திடமும் மேற்கை இன்னொன்றிடமும் ஒரே நாளில் ஒப்படைத்தார்கள். ஒரே நகரம், ஒரே சட்டம், ஏறத்தாழ ஒரே ஒப்பந்தம். கிழக்கில் கணக்கில் வராத தண்ணீர் 60 சதவீதத்துக்கு மேலிருந்து பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி இறங்கியது. மேற்கை எடுத்த மேனிலாட் 2001-இல் அரசுக்குக் கட்ட வேண்டிய ஒப்பந்தத் தொகையை நிறுத்திக்கொண்டது, பிறகு திவாலின் விளிம்புக்கே போனது. இரண்டு நிறுவனங்களின் திறமையில் வித்தியாசம் இருந்திருக்கலாம். ஆனால் முக்கியமான வித்தியாசம் கடனில் இருந்தது. பழைய பொதுத்துறை அமைப்பின் வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதம் மேற்கின் தலையில் விழுந்தது, கிழக்குக்குப் போனது 10 சதவீதம். கையெழுத்தான சில மாதங்களிலேயே ஆசிய நிதி நெருக்கடி முற்றி பிலிப்பைன்ஸ் நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்தது. டாலரில் வாங்கிய கடன் பெசோவில் எண்ணும்போது ஊதிப் பெருத்தது. கட்டணமோ பெசோவில்தான் வருகிறது.

குடிநீரின் ஒரு அடிப்படைப் பலவீனம் இதுதான். எண்ணெயை ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதிக்கலாம். குழாய்த் தண்ணீரை அந்தந்த ஊர்க்காரர்களுக்கு அந்தந்த நாட்டு நாணயத்தில்தான் விற்க முடியும். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1993-இல் பிரான்ஸின் லியோனெஸ் தெ ஸோ (பின்னாளில் சூயெஸ்) தலைமையிலான நிறுவனம் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் நுழைந்தது. அப்போது ஒரு பெசோ ஒரு டாலர் என்று சட்டமே உறுதி கொடுத்திருந்தது. 2002 தொடக்கத்தில் அந்தச் சட்டம் போனது, பெசோ விழுந்தது, அரசு கட்டணத்தை உறையவைத்தது. நிறுவனம் டாலர் கடனை அடைக்க முடியாமல் திணறியது. 2006-இல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து பொது நிறுவனத்திடம் கொடுத்தது. அதோடு முடியவில்லை. சர்வதேச நடுவர் மன்றம் 2015-இல் அர்ஜென்டினா 40.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதில் ஒரு தரப்பை மட்டும் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. பாதி மக்கள் வறுமையில் விழுந்த நேரத்தில் தண்ணீர்க் கட்டணத்தை மூன்று மடங்காக்க எந்த அரசாலும் முடியாது. அந்த அபாயத்தை ஏற்கும் இடத்தில் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்ததுதான் மூலத் தவறு. உள்ளூர் நாணயத்தில் வருமானம் வரும் அமைப்புக்கு உள்ளூர் நாணயத்தில்தான் கடன் வேண்டும். இதில் சமரசம் செய்துகொண்ட எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஏலம் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் மிகக் குறைந்த கட்டணம் கேட்டவருக்குத்தான் வழக்கமாக வேலை போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் உள்ளே நுழைந்துவிட்ட பிறகு நிறுவனத்தை வெளியே அனுப்புவது சுலபமில்லை. அது நிறுவனத்துக்கும் தெரியும். லத்தீன் அமெரிக்க ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான உலக வங்கி ஆய்வு, குடிநீர் ஒப்பந்தங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு திரும்பப் பேரம் பேசப்பட்டதைக் காட்டியது. அதுவும் கையெழுத்தாகிச் சராசரியாக இரண்டு வருடம்கூட ஆவதற்குள். ஏலத்தில் கிடைத்த விலை பேரத்தில் கரைந்துவிடுகிறது, பேரம் நடக்கும்போது போட்டிக்கு வேறு ஆளும் இல்லை.

பொலிவியாவின் கோச்சபம்பாவில் ஏலமே பெயருக்குத்தான் நடந்தது. 1999-இல் ஒரே ஒரு நிறுவனம் கேட்க, நாற்பது ஆண்டு ஒப்பந்தம் அதற்கே போனது. குறைந்தபட்சம் 15 சதவீத வருமானம் உறுதி, கூடவே மிசிகுனி என்ற பெரிய அணைத் திட்டத்தின் செலவும் கட்டணத்தில் சேர்ந்தது. அணையிலிருந்து ஒரு சொட்டு வருவதற்கு முன்பே, 2000 ஜனவரியில் பில் எகிறியது. ஏப்ரலில் ஊரே தெருவுக்கு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். ஒப்பந்தம் ரத்தானது. பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பொது நிர்வாகத்துக்குத் திரும்பியும் நகரின் தெற்குப் புறத்து ஏழை மக்களுக்குக் குழாய் எட்டப் பல வருடங்கள் பிடித்தன. போராட்டம் நியாயமானது, வெற்றியும் நியாயமானது. ஆனால் குழாய் பதிக்கப் பணம் வேண்டுமே என்ற பழைய கேள்வி அப்படியே நின்றது.

இங்கிலாந்தின் கதை வேறு விதம். 1989-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்துப் பெரிய நீர் ஆணையங்களை மொத்தமாக விற்றார்கள். விற்பதற்கு முன் அவற்றின் சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசே தள்ளுபடி செய்து, கையில் 150 கோடியும் கொடுத்து அனுப்பியது. அதாவது கடனே இல்லாமல் தொடங்கினார்கள். இன்று அந்தத் துறையின் கடன் 6,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் நிறையக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வந்தன என்பது உண்மை. அதே காலத்தில் பங்குதாரர்களுக்குப் பெரும் தொகை லாப ஈவாகப் போனதும் உண்மை. லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர், ஆஸ்திரேலிய நிதி நிறுவனமான மெக்குவாரி தலைமையிலான முதலீட்டாளர்கள் கையில் 2006 முதல் 2017 வரை இருந்தது. அந்தக் காலத்தில் அதன் கடன் சுமார் 340 கோடியிலிருந்து 1,080 கோடி பவுண்டுக்கு ஏறியது. பணவீக்கத்தோடு கட்டிப்போட்ட கடன் அதில் கணிசமாக இருந்ததால், 2022-இல் விலைவாசி எகிறியபோது கடனும் சேர்ந்து வளர்ந்தது. 2024-இல் பங்குதாரர்கள் புதிதாகப் பணம் போட மறுத்தார்கள். 2025-இல் 9.75 சதவீத வட்டிக்கு அவசரக் கடன் வாங்கும் நிலை வந்தது. ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் நம்பியிருக்கும் அமைப்பு, சாதாரண அரசுக் கடனைவிட இரண்டு மடங்கு வட்டிக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நினைக்கவே கோபம் வருகிறது.

அதே சட்டத்தின் கீழ், பக்கத்திலேயே வேல்ஸில் வேறொன்று நடந்தது. 2001-இல் அங்குள்ள நீர் நிறுவனத்தை கிளாஸ் கம்ரி என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் வாங்கியது. அதற்குப் பங்குதாரர்களே கிடையாது. வாங்கிய பணம் முழுக்கக் கடன் பத்திரங்கள் மூலம் தனியார் சந்தையில் திரட்டியது, சுமார் 190 கோடி பவுண்டு. தொடக்கத்தில் சொத்து மதிப்பில் 93 சதவீதம் கடனாக இருந்தது. ஈவு என்று யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் உபரி அப்படியே உள்ளே தங்கியது, கடன் விகிதம் சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கியது. தனியார் பணம் வேண்டும், தனியார் பிடி வேண்டாம் என்கிறவர்கள் இந்த உதாரணத்தைத்தான் ஆழமாகப் படிக்க வேண்டும். ஆனால் அதையும் கோயிலாக்க வேண்டாம். கசிவுக் கணக்கைத் தப்பாகக் காட்டியதற்காக இதே நிறுவனம் 2024-இல் 4 கோடி பவுண்டு ஈடு தர வேண்டியிருந்தது. யார் சொந்தக்காரர் என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கணக்கைத் தோண்டிப் பார்க்கத் திறமையும் துணிவும் உள்ள கண்காணிப்பு அமைப்பு வேண்டும்.

பொதுத்துறை என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜெஃபர்சன் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சொல்வேன். அங்கே கழிவுநீர் அமைப்பு முழுக்க அரசுடையது. ஆனால் அதன் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை வட்டி மாற்று ஒப்பந்தங்கள் என்ற சிக்கலான நிதிச் சரக்கோடு பிணைத்தார்கள். அதிகாரிகளுக்கு லஞ்சம் போனது, சிலர் சிறைக்கும் போனார்கள். 2008 நெருக்கடியில் வட்டி தாறுமாறாக ஏறியது, 2011-இல் கவுண்டியே திவாலானது. வாசல் அரசுடையதாக இருந்தாலும், உள்ளே வந்த பணத்தின் நிபந்தனைகள் யாருக்கும் புரியாதவையாக இருந்தால் முடிவு இப்படித்தான் ஆகும்.

ஆலைகளைத் தனியார் கட்டி, தண்ணீரை மொத்தமாக விற்கும் ஏற்பாடும் இருக்கிறது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்பது அதன் உயிர்நாடியான நிபந்தனை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கடும் வறட்சிக்குப் பயந்து கட்டிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2012 இறுதியில் தயாரானது. அதற்குள் மழை வந்துவிட்டது. 2016 வரை அதிலிருந்து தண்ணீர் கேட்கவே இல்லை, ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் போய்க்கொண்டே இருந்தது. வறட்சிக் காப்பீடு என்று பார்த்தால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. காப்பீட்டுத் தவணை இவ்வளவு என்று முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஊருக்கு வருகிறேன். கம்போடியத் தலைநகர் நோம்பென். 1993-இல், போரால் சிதைந்த அந்த நகரத்தில் நான்கில் ஒரு பங்கு மக்களுக்குத்தான் குழாய்த் தண்ணீர், அதுவும் நாளில் சில மணி நேரம். அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார், திருட்டு இணைப்புகளை வெட்டினார், அதில் கைகோத்திருந்த ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்பினார், ஒழுங்காக உழைத்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். பணம் கட்டாத ராணுவ உயரதிகாரி ஒருவரின் வீட்டுக்கு மீட்டர் வைக்கப் போனபோது தன் தலைக்கு நேரே துப்பாக்கி நீண்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கட்டணத்தை உயர்த்தினார், கூடவே ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் பெரிய சலுகை கொடுத்தார். பணம் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜப்பான், பிரான்ஸ் என்று சலுகை வட்டிக் கடனாகவும் கொடையாகவும் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நகரத்தின் பெரும்பகுதிக்கு இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர், கணக்கில் வராத நீர் ஆறு சதவீதத்தை ஒட்டி. அதன் பிறகு, 2012-இல்தான், சுமார் 15 சதவீதப் பங்கைப் பொதுமக்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விற்றது. கம்போடியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் நிறுவனமே இந்தக் குடிநீர் வாரியம்தான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மீட்டர், வசூல், நம்பகமான கணக்கு. அப்புறம் மலிவான பொதுக் கடன். கடைசியில், தனியார் தாங்களாகவே வரிசையில் வந்து நின்றபோது, தன் நிபந்தனையில் தனியார் பணம். இதைத் தலைகீழாக்கி, கணக்கே இல்லாத அமைப்பைக் காப்பாற்றத் தனியார் பணத்தைக் கூப்பிட்டால், வருகிறவர் அந்த இருட்டுக்கும் சேர்த்து விலை வைப்பார். மண்ணுக்கடியில் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதவரை வட்டி குறையாது.

அப்படியானால் தனியாருக்கு வேறு வேலையே இல்லையா? இருக்கிறது. செனெகலில் 1996 முதல் சொத்தும் முதலீட்டுப் பொறுப்பும் அரசு நிறுவனத்திடம் இருக்க, அன்றாட நிர்வாகத்தை மட்டும் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். விற்ற தண்ணீருக்கும் வசூலித்த பணத்துக்கும் ஏற்பத்தான் அவருக்கு ஊதியம். மலிவான பணம் அரசிடமிருந்து, கசிவடைக்கும் கெட்டிக்காரத்தனம் தனியாரிடமிருந்து. ஆப்பிரிக்காவில் ஓரளவு நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் இது ஒன்று.

கடைசிக் கேள்வி: கையெழுத்துக்குப் பிறகு திரும்ப முடியுமா? முடியும், எந்த வாசல் வழியாக என்பதைப் பொறுத்து விலை மாறும். பாரிஸ் காத்திருந்தது. ஒப்பந்தங்கள் காலாவதியானதும் 2010 ஜனவரியில் குடிநீரைத் தன் பொது நிறுவனத்திடம் எடுத்துக்கொண்டது, முதல் ஆண்டிலேயே சுமார் 3.5 கோடி யூரோ மிச்சமாகி, 2011-இல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. பெர்லின் 1999-இல் தன் நீர் நிறுவனத்தின் 49.9 சதவீதத்தை விற்றிருந்தது, லாப உறுதி அடங்கிய ஒப்பந்தப் பக்கங்கள் ரகசியமாகவே இருந்தன. 2011-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு 2012, 2013-இல் நகரம் பெரும் தொகை கொடுத்துப் பங்கைத் திரும்ப வாங்கியது. நடுவழியில் ரத்து செய்த அர்ஜென்டினாவுக்கு நேர்ந்ததை மேலே சொன்னேன்.

அதனால் எந்தக் குடிநீர் ஒப்பந்த வரைவு கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். முறிவு ஏற்பட்டால் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவார்கள், வழக்கு எந்த நாட்டில் நடக்கும், கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது, முழு ஒப்பந்தமும் பொதுமக்கள் பார்வைக்கு வருமா என்று பாருங்கள். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைக்காதவரை, கட்டணம் குறையும் என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பதை நம்பிக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.